எனக்கென்று ஒரு கரண்டி

மைஸ்டரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய முகமல்ல, ஒரு தட்டு. அவித்து அரைத்த கோதுமையைச் சீனியோடும் வால்நட்டோடும் பிசைந்து அதில் குவித்திருப்பார்கள். பக்கத்தில் சின்னக் கரண்டிகளும் ஒரு கிளாஸ் தண்ணீரும் இருக்கும். விருந்துக்கு வருகிறவர் நின்றபடியே ஒரு கரண்டி உண்டு, கரண்டியைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

ஜெர்மனியின் எசனில் நான் வேலை செய்த குழாய்ப் பட்டறைக்கு அவர்தான் பொறுப்பாளர், அங்கத்தைய பேச்சில் மைஸ்டர். செர்பியர். யூகோஸ்லாவியாவின் கடவுச்சீட்டோடு வந்தவர். அந்த நாடே பிறகு இல்லாமல் போனது. அகதியாக வந்த என்னிடம் அதைச் சொல்லிச் சிரிப்பார். செர்பியக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதர் உண்டு. தகப்பனுக்குப் பிறகு மகனுக்கு வருவார். மைஸ்டர் வீட்டுக்குப் புனித நிக்கலஸ், அவருடைய திருநாள் டிசம்பர் பத்தொன்பதாம் திகதி. முதல் வருடம் அந்த நாள் விருந்துக்கு என்னையும் மனைவியையும் கூப்பிட்டார். இறைச்சி மலையாக இருக்குமென்று பசியோடு போனால், விரத காலமாம், மீனும் அவரை விதையும்தான். வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

அடுத்த டிசம்பரில் அவர் கூப்பிடவில்லை. "சொல்லாத வீட்டுக்கு என்னெண்டு போறது?" என்றாள் மனைவி. நானும் அதையேதான் நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் நேரில் வராமல் தொலைபேசியில் சொன்னாலே குறைபிடிக்கிற ஆட்கள் நாங்கள். நாங்கள் போகவில்லை. மறுநாள் அவர் எனக்குக் காலை வணக்கம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நாலு வருடம் வேலையைத் தவிர வேறு பேச்சில்லை. ஒரே மேசையில் எதிரெதிரே இருந்து பாண் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

தான் ஓய்வு பெறும் நாளன்று கை கழுவும் இடத்தில் மைஸ்டர் கேட்டார். அவரது ஜெர்மனை என் தமிழில் சொன்னால், "என்ரை வீட்டிலை உனக்கு என்ன குறை வைச்சனாங்கள்?"

"நீங்கள் கூப்பிடேல்லையே."

அவர் குழாயை மூடினார். "முதல் வருசம் கூப்பிட்டனான்தானே. அந்த நாளுக்கு ஒருக்காத்தான் கூப்பிடுறது. பிறகு நீ வீட்டு ஆள். வீட்டு ஆளை ஆர் கூப்பிடுவினம்?"

அந்த டிசம்பரில் போனோம். அவர் மனைவி தட்டை நீட்டியபடி சொன்னார்: "நாலு வருசமும் ஒரு கரண்டி மிச்சம். சாமம் வரைக்கும் இவர் அதை எடுக்க விடேல்லை." எனக்கு வெட்கமாக இருந்தது. மைஸ்டர் பக்கம் பார்க்க முடியவில்லை. அந்த நாலு வருடங்களைத் தின்ற என் வீம்பை இன்றும் என்னால் மன்னிக்க ஏலாது.

போன வசந்தத்தில் மைஸ்டர் காலமானார். புனிதர் இப்போது டுசல்டோர்ஃபில் இருக்கும் மகனிடம். டிசம்பர் வந்தது. மகனிடமிருந்து ஒரு சொல் இல்லை.

"அவையள் சொன்னவையோ?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லை."

"அப்ப வெளிக்கிடுங்கோ."

கதவைத் திறந்த மகன் எங்களைக் கண்டு வியப்படையவில்லை. உள்ளே போய்த் தட்டோடு வந்தார். நான் நின்றபடியே ஒரு கரண்டி எடுத்தேன்.