தங்கையின் காரும் நான் ஒளித்த சாவியும்

தங்கை எங்களைப் பிரிந்து இந்த மாதத்துடன் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் உடன்பிறந்தோர் சார்பில் மூத்தவனாகிய நான் எழுத வேண்டும் என்று தங்கையின் மகள் கலா கேட்டுக்கொண்டார். பத்துப் பக்கங்கள் எழுதிக் கொடுத்தேன். "மாமா, நாலு பக்கத்துக்கு மேல எடமில்ல லா" என்றார். ஆறு பக்கங்களை எடுத்துவிட்டேன். விட்டுப்போன பெயர்களுக்காக உறவினர்கள் பொறுத்தருள வேண்டும். தங்கை என்னைவிட ஐந்து வயது இளையவர். அறுபத்தாறு ஆண்டுகளும் அவரிடம் 'வா, போ' என்றுதான் பேசினேன். எழுத்தில் 'அவர்' என்பதே முறை என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் பெற்றோருக்கு நாங்கள் ஐந்து பிள்ளைகள். கெமாஸ் பக்கத்துத் தோட்டமொன்றில், எட்டு வீடுகள் கொண்ட லயத்தின் ஆறாவது வீட்டில் தங்கை பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தார்கள். தங்கைக்குப் பன்னிரண்டு வயதானபோது அம்மா நோயில் விழுந்தார். அது நான் ஐந்தாம் படிவத் தேர்வு எழுத வேண்டிய ஆண்டு. பள்ளியை விட்டு யாராவது ஒருவர் அம்மாவின் மரங்களுக்குப் போயாக வேண்டும். மூத்தவன் என்ற முறையில் நான்தான் போயிருக்க வேண்டும். "அண்ணன் எழுதட்டும், எனக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லிவிட்டுத் தங்கை வாளியை எடுத்துக்கொண்டார். வகுப்பில் அவர் இரண்டாம் நிலையில் இருந்தார் என்பதை அவரது ஆசிரியர் பின்னாளில் சொல்லித்தான் அறிந்தேன். நான் தேர்வில் வென்று, தோட்ட அலுவலகத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். எனக்குக் கிடைத்த நாற்காலிக்குக் கீழே தங்கையின் கால்கள் இருந்தன என்று சொன்னால் அது மிகையாகாது.

இருபதாம் வயதில் தங்கை சிரம்பானுக்குத் தெற்கே உள்ள இந்தத் தோட்டத்துக்கு மருமகளாக வந்தார். மைத்துனர் தோட்டத்து லோரி ஓட்டினார். நல்ல மனிதர். ஐந்து வருடம் ஓடிய பழைய கார் ஒன்றை ஆசையாக வாங்கி, ஒன்றரை ஆண்டுகூட ஓட்டாமல் மாரடைப்பில் காலமானார். காரை விற்றுவிடும்படி எல்லாரும் சொன்னோம். ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்த தங்கை, தம் நாற்பத்தொன்றாம் வயதில், ஓட்டுநர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார். முதல் முயற்சியிலேயே உரிமம் பெற்றார். நான் மூன்று முறை முயன்று மூன்று முறையும் தோற்றவன். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னால் எனக்குக் கார் பின்னோக்கித்தான் வரும்.

அந்தக் காரில் தங்கை இந்தத் தோட்டத்துக்கே வண்டியோட்டியானார். கோயிலுக்கு ஏற்றிச்சென்ற மணப்பெண்கள் ஒன்பது பேர். பிரசவத்துக்கு ஏற்றிச்சென்றவர்கள் ஏழு பேர். அவர்களில் ஒருவரின் குழந்தை மட்டும் மருத்துவமனை வாசல்வரை பொறுக்கவில்லை. அக்குழந்தை இன்று கல்லூரியில் படிக்கிறார்.

என் மனைவி மறைந்தபின், பதினோர் ஆண்டுகளுக்கு முன் நான் தங்கை வீட்டுக்கு வந்தேன். அதுமுதல் அவருக்குப் பக்கத்து இருக்கை என்னுடையது. தோட்டத்து வாசலிலிருந்து சிரம்பான் நகரத்துத் தெமியாங் வரை முப்பத்தெட்டு வளைவுகள், பதினான்கு வேகத்தடைகள், ஒன்பது சமிக்ஞை விளக்குகள். அவ்வளவு சரியாகத் தெரியக் காரணம், கடைசி நான்கு ஆண்டுகள் அந்த வழியில் வாரம் மூன்று முறை போய்வந்ததுதான். பக்கத்து வீட்டு லெட்சுமியம்மாளுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் தெமியாங்கில் டயாலிசிஸ். அவருடைய மகன் சிங்கப்பூரில் வேலை. மருமகள் ராணி தொழிற்சாலையில் காலை வேலை. தங்கைதான் அழைத்துப்போனார். ஒருநாள்கூடத் தவறவில்லை.

காருக்கு முப்பது வயதானபோது எனக்குக் கவலை தொடங்கியது. குறைகளை ஒரு தாளில் எழுதினேன். பதினேழு இருந்தன. பின்பக்கத் தரை துருப்பிடித்து மழைநீர் உள்ளே தெறித்தது. ஹாரன் இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் அடித்தது. என் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு கைகளாலும் பிடித்து இறக்க வேண்டும். மற்ற பதினான்கை இடமின்மையால் விடுகிறேன். அதே சமயம், ஒரு பழைய காரைக் கொடுத்து இன்னொரு பழைய காரை வாங்கவும் பயமாக இருந்தது. இதன் நோய்கள் எனக்குத் தெரியும். அதன் நோய்களை யார் கண்டார்?

காரைப் பழுதுபார்க்கும் போமன் செல்வத்திடம் கேட்டேன். "இஞ்சின் இன்னும் பத்து வருசம் ஓடும் கிராணி. பாடிதான் முந்திக்கும். சாமானும் இப்ப கெடைக்கல" என்றார். பாரோயில் ஆசிரியர் ஒருவர் தம் காரை விற்கிறார், எட்டு வருடம் ஓடியது, கிளட்ச் இல்லாத ஓட்டோ வண்டி, சுத்தமாக வைத்திருக்கிறார் என்றும் சொன்னார்.

கலா அதை உடனே பிடித்துக்கொண்டார். "அம்மா, வாங்கிடலாம் மா. காலுக்கும் வேல கம்மி."

"நம்ம காடிக்கு என்னா கொற?" தங்கைக்குக் கார் எப்போதும் 'காடி'தான்.

நான் தாளை நீட்டினேன். தங்கை பதினேழையும் பொறுமையாகப் படித்தார். "எல்லாம் சரிதான்ணே. ஆனா ஒருநாளாவது நடுரோட்டுல நம்மள நிக்க வெச்சிச்சா? அத எங்க எழுதுனீங்க?"

அதை நான் எழுதவில்லை. இருந்தாலும் விடாமல் வற்புறுத்தினேன். கடைசியில், "சரி, ஓட்டிப் பாக்குறேன்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செல்வம் அந்தக் காரைத் தோட்டத்துப் பந்துத் திடலுக்குக் கொண்டுவந்தார். தங்கை ஏறினார். செல்வம் பக்கத்தில் உட்கார்ந்தார். கார் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. திடலின் கோடிக்குப் போய்த் திரும்பும்போது திடீரென்று பாய்ந்து, கோல் கம்பத்தின்மேல் மோதப்போய், குலுங்கி நின்றது. பிறகு காலடியால் அளந்து பார்த்தேன். கம்பத்துக்கும் சக்கரத் தடத்துக்கும் நடுவே நாலரை அடி இருந்தது.

நான் ஓடவில்லை. ஏனென்றால், கார் முதலில் நின்றிருந்த இடத்தில், புல்லின்மேல், தங்கையின் வலக்கால் செருப்பு கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறும்போது கழன்றிருக்கிறது. அவர் அதை அறியவில்லை. காரை மெதுவாகத் திடலோரப் பாதையில் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கி, ஒரு காலில் செருப்புடனும் மறுகாலில் வெறுமையாகவும் சரளைக்கல்லின்மேல் நின்று, "நல்ல காடிதான். ஆனா எனக்குச் சரிப்படாது" என்றார். கூரிய கற்கள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

செருப்பை எடுத்துவந்து அவர் காலருகே வைத்தேன். தங்கை செருப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். செல்வம் குனிந்து சக்கரத்தைச் சோதித்துக்கொண்டிருந்ததால் ஒன்றையும் கவனிக்கவில்லை.

அன்று மதியம் தங்கை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது அருகில் போய் உட்கார்ந்தேன்.

"எத்தன நாளா?"

"என்னது?"

"காலு."

கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ரெண்டு வருசம் இருக்கும். இனிப்பு நீர் நோவுதான். கிளினிக்ல ஊசிய வெச்சி பாத்தாங்க. எப்ப குத்துவீங்கன்னு கேட்டேன். குத்தியாச்சுன்னாங்க."

"அப்பறம் எப்படி ஓட்டுற?"

"சத்தத்த வெச்சித்தான். எவ்ளோ மிதிச்சிருக்கேன்னு நம்ம காடி கத்திச் சொல்லிடும். அந்தக் காடி ஊமைண்ணே. அது என்னா செய்யுதுன்னு எனக்குத் தெரியல."

இரண்டு ஆண்டுகள், வாரத்துக்கு மூன்று நாள், போகவரக் கணக்கிட்டால் அறுநூற்று இருபத்து நான்கு பயணங்கள். அத்தனையிலும் நான் பக்கத்தில் உட்கார்ந்து வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். காரில் பதினேழு குறை கண்டவன், கூடப் பிறந்தவளின் காலைக் காணவில்லை.

"தமிழ்ப்பள்ளி வாசல்ல பிள்ளைங்க ரோட்டக் கடக்குது. தெரியுமா ஒனக்கு?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"தெரியும்ணே. அங்க வந்தா ரெண்டாவது கியருக்கு மேல போனதில்ல. நீங்களே மெதுவா போறேன்னு முணுமுணுப்பீங்க." கீரையைத் தள்ளி வைத்தார். "லெட்சுமி அக்காவுக்கு ஒரு வழி காட்டுங்க. காட்டிட்டு எங்கிட்ட சாவிய கேளுங்க. காலு சங்கதிய மட்டும் வெளிய சொல்லிடாதீங்க."

என்னிடம் வழி இல்லை. டயாலிசிஸ் ஒருமுறை தவறினால் லெட்சுமியம்மாளுக்கு மூச்சு முட்டும். தங்கை ஓட்டினால் யாருக்கு என்ன ஆகுமென்று யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை முழுவதும் இதையே யோசித்து, மாலையில் தங்கை விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்க, தங்கை சாவியைத் தேடினார். மெத்தையைத் தூக்கினார். சாமி மேடையைத் தடவினார். லெட்சுமியம்மாள் தலையணையும் தண்ணீர்ப் போத்தலுமாக வாசலில் வந்து நின்றார்.

"நான்தான் எடுத்து வெச்சேன். இனிமே நீ ஓட்டக் கூடாது" என்றேன்.

"ஏன்?"

"கார் பழசு." வேறெதுவும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

தங்கை தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "மூணு தடவ தோத்தவங்க எனக்கு ஓட்டச் சொல்லித்தர வந்துட்டீங்களா?" லெட்சுமியம்மாள் அவருக்கும் மேலே போனார். "யோவ் கிராணி, ஒனக்கு ஓட்டத் தெரியலன்னா ஓட்டுறவள ஏன்யா புடிச்சி கட்டிப்போடுற? ஆம்பள புத்தி ஒன்ன விட்டு எங்க போவும்?" நான் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கணேசன் வீட்டுக்கு நடந்துபோய், அவருடைய வேனைக் கேட்டேன். எதற்கென்று கேட்காமல் எடுத்துவந்தார். இரண்டு வாரங்கள் அவரே கொண்டுபோய்க் கொண்டுவந்தார்.

அந்த இரண்டு வாரங்களில் ராணி மாலை வேலைக்கு மாற்றிக்கொண்டார். ராணியிடம் உரிமம் இருந்தது. ஓட்டக் கார்தான் இல்லை. உரிமமும் ஓட்டோ வண்டிக்கு மட்டும். எங்கள் பழைய காரை அவர் தொடவே முடியாது. ஆக, நானும் கலாவும் மாதக்கணக்கில் வாதாடிய கேள்விக்கு ஒரே நாளில் விடை கிடைத்தது. பாரோய் ஆசிரியரின் காரை வாங்கினோம். பழைய காரைச் செல்வம் ஓட்டிச்சென்றபோது தங்கை வெளியே வரவில்லை. பின்கட்டில் துணி துவைக்க உட்கார்ந்திருந்தார். ஆனால் சத்தம் திருப்பத்தில் மறையும்வரை கை அசையவில்லை.

அதன்பின் பதினான்கு மாதங்கள் ராணி ஓட்ட, தங்கை என் இருக்கையில், நானும் லெட்சுமியம்மாளும் பின்னால். "ராணி, ஓடுதா, நிப்பாட்டிட்டியா? ஒண்ணும் கேக்கல" என்பார் தங்கை. லெட்சுமியம்மாள் சிரிப்பார். என்னைக் கண்டால் மட்டும் சிரிப்பை நிறுத்திக்கொள்வார். கடைசிவரை அவர் என்னை மன்னிக்கவில்லை. சென்ற ஆண்டின் தொடக்கத்தில் இறைவனடி சேர்ந்தார்.

நான்கு மாதம் கழித்துத் தங்கையின் வலக்காலில் புண் வந்தது. சிரம்பான் மருத்துவமனையில் பத்தொன்பது நாள் இருந்தார். பதினோராம் நாள் மதியம், கஞ்சி குடித்த தெம்பில், "அண்ணே, இனிமேயாவது ஒளிச்சி வெக்கிறதுன்னா அரிசி டின்ன விட்டுடுங்க" என்றார்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அன்னிக்கி காலைல சோறு யாரு ஆக்குனா? நீங்களா? மொத ஆழாக்குலயே கைல தட்டுப்பட்டிச்சி. அங்கயே போட்டு மூடி வெச்சிட்டேன்."

"அப்பறம் ஏன் அப்படித் தேடுன? ஏன் அந்தச் சத்தம் போட்ட?"

"நானா விட்டா, லெட்சுமி அக்கா காரணம் கேக்கும். காலு செத்துப்போயும் எனக்காகவா ஓட்டுனன்னு அழுவும். அப்பறம் யாரு காடியிலயும் ஏறாது, அதான் அதோட கொணம். நீங்க புடுங்கிட்டீங்கன்னா ஒங்கள நாலு திட்டு திட்டிட்டு ஏறி ஒக்காந்துக்கும்." என் கையைத் தட்டினார். "நீங்க தாங்குவீங்கன்னு தெரியும்."

பத்தொன்பதாம் நாள் காலை, கலா வெந்நீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில், தங்கை அமைதியாக விடைபெற்றார். லெட்சுமியம்மாள் இருந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

மருத்துவமனையில் இரவும் பகலும் பார்த்துக்கொண்ட தாதியர்க்கும், இறுதி ஊர்வலத்துக்கு வேலையை விட்டு வந்த தோட்டத்து மக்களுக்கும், மண்டோர் கணேசனுக்கும், போமன் செல்வத்துக்கும், பெற்ற மகள்போல் கூட நின்ற ராணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சாவியை ஒளித்ததற்காக என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்ட உறவினர்கள் ஏழு பேர். அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் அத்தனை பேரும் என்மேல் கோபமாக இருந்ததால்தான், லெட்சுமியம்மாள் ஒருநாளும் சந்தேகப்படாமல் காரில் ஏறினார்.