கிடை போட்ட வருஷம்

மகன் வீட்டு டிவியில் அடிக்கடி யாராவது இரண்டு பேர் உட்கார்ந்து, உலகம் போகிற பாதையை மாற்ற முடியுமா முடியாதா என்று பேசுகிறார்கள். மண் கெட்டுவிட்டது, தண்ணீர் கெட்டுவிட்டது, பழைய முறைக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். கோபமெல்லாம் இல்லை. கோபப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே. நாங்கள் ஒருதடவை திரும்ப முயன்றவர்கள், அவ்வளவுதான்.

எப்போதும்வென்றான் ஊருக்குக் கிழக்கே என் வீட்டுக்காரருக்கு ஒரு துண்டு கரிசல் இருந்தது. வானம் பார்த்த பூமி. ஐப்பசியில் மழை விழுந்தால் பருத்தி, ஊடே உளுந்து. விழாவிட்டால் ஒன்றுமில்லை. எழுபதுகளில் புதுரகப் பருத்தி வந்தது. கூடவே உரமூட்டை வந்தது, அதன் பின்னாலேயே பூச்சி மருந்தும் வந்தது. முதல் இரண்டு வெள்ளாமை கண்ணைப் பறித்தது, பொய் சொல்ல மாட்டேன். கோவில்பட்டி பருத்திக் கடையில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். எனக்கு ஒரு ஜோடிக் கம்மல் வந்தது. அப்புறம் பூச்சிக்கு மருந்து பழகிப்போனது. அவருக்குத்தான் பழகவில்லை. ஒரு மார்கழி மத்தியானம், மருந்தடிக்கிற டப்பாவை முதுகில் மாட்டியபடியே வரப்பில் விழுந்தார். மாட்டுவண்டியில் போட்டு, மெயின் ரோட்டில் பஸ்ஸை மறித்து, கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வாயெல்லாம் நுரை. பிழைப்பார் என்று நான் நினைக்கவில்லை.

பிழைத்து வீட்டுக்கு வந்தவர் முதலில் சொன்னது இதுதான்: "ஏட்டி, இனி அந்த நெலத்துல என் கையால ஒரு சொட்டு மருந்து விழாது. ஒரத்தையும் நிப்பாட்டப்போறேன். எங்க அய்யா காலத்துல எப்படி வெளைஞ்சுதோ அப்படி வெளையட்டும்."

ஊர் சிரித்தது. டீக்கடையில் சாமியார் என்று பட்டம் கட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மருந்தில்லாமல் நிலம் விளைந்துவிட்டால் அவர் தப்பித்தார். விளையாவிட்டால் வேறு வழியில்லாமல் மறுபடியும் டப்பாவைத் தூக்குவார், ஒருநாள் வரப்பிலேயே கிடப்பார். அந்தப் பயம் என்னை விடவே இல்லை.

உரத்துக்குப் பதில் ஒன்று வேண்டும். எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கோடையில் நிலம் சும்மா கிடக்கும்போது ஆட்டு மந்தையை அதில் இரவெல்லாம் அடைத்துவைப்பது. கிடை போடுவது என்போம். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கி அந்த வருஷத்து உரமாகும். மூட்டை உரம் வந்தபின் ஊரில் யாரும் கிடை போடவில்லை. இவர் அலைந்து திரிந்து ஒரு கிடைக்காரரைப் பிடித்துக்கொண்டு வந்தார். செம்மறியும் வெள்ளாடுமாகப் பெரிய மந்தை. வைகாசி முழுக்க இடம் மாற்றி மாற்றி அடைத்தார்கள். காலையில் கிடைக்காரருக்குக் கூழ் கொண்டுபோவேன். நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். இவர் மட்டும் மல்லிகைப்பூ வாசம்போல அதை இழுத்துக்கொண்டு நிற்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் வாய்விட்டுச் சிரித்ததை அந்த மாதம்தான் பார்த்தேன்.

ஐப்பசியில் நல்ல மழை. பருத்தி கருகருவென்று எழுந்தது. ஊடே நாங்கள் விதைக்காத ஏதோ ஒன்றும் எழுந்தது. குனிந்து பார்த்தேன். பொடிப் பொடி இலை, தண்டில் விரல் வைத்தால் முள். சீமைக் கருவேலம். ஒன்று இரண்டு என்றால் பரவாயில்லை. புழுக்கை விழுந்த இடமெல்லாம் நின்றது.

விஷயம் புரிய நேரமாகவில்லை. அவருடைய அய்யா காலத்து ஆடு புல்லையும் பூண்டையும் மேய்ந்தது. இப்போது புறம்போக்கு, கண்மாய்க்கரை, ஓடை எல்லாவற்றையும் சீமைக் கருவேலம் அடைத்துக்கொண்டிருந்தது. கோடையில் அதன் நெற்று தித்திக்கும், ஆடு விழுந்து விழுந்து தின்னும். விதை மட்டும் செரிக்காது. எங்கள் காசில் கூழ் குடித்து, எங்கள் நிலத்திலேயே முள்ளை விதைத்துவிட்டுப் போயிருந்தது அந்தக் கிடை. ஆடு நெற்று தின்பதைத் தினமும் பார்த்தவர்கள்தான் நாங்கள். கிடை என்றால் நல்லது என்று மனசில் ஊறிப்போயிருந்தது, அதற்குமேல் யோசிக்கவில்லை.

கிடைக்காரர் மணியாச்சிப் பக்கம் மந்தையோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டு இவர் சண்டைக்குப் போனார். சாயங்காலம் சத்தமில்லாமல் திரும்பி வந்து, அந்த மனிதர் சொன்னதை என்னிடம் அப்படியே சொன்னார்: "அண்ணாச்சி, இதைவிட்டா மேய்க்க எங்கன என்ன இருக்கு? நீங்களே காட்டுங்க, அங்கன பத்திட்டுப் போறேன்."



சரி, பிடுங்கிவிடலாம் என்றால் களையெடுக்க ஆள் வேண்டும். விடியுமுன்னே தீப்பெட்டி செய்கிற ஆபீஸ் வேன் வந்து ஊர்ப் பெண்களை அள்ளிக்கொண்டு போய்விடும். மழையோ வெயிலோ அங்கே வேலை உண்டு, உட்கார நிழல் உண்டு. நானாக இருந்தாலும் அங்கேதான் போயிருப்பேன். நாங்கள் இருவரும்தான் குனிந்தோம். ஈரம் இருக்கும்வரை வேரோடு வரும். கரிசல் காய்ந்து வெடித்துவிட்டால் உள்ளங்கைத் தோல்தான் வரும். அடுத்த மழைக்கு, மண்ணுக்குள் படுத்துக் கிடந்த விதை எழும். பருத்தி என்று ஏதோ கொஞ்சம் எடுத்தோம். பக்கத்து நிலத்துக்காரர் மருந்தடித்து நிறையவே எடுத்தார். இவர் அந்தப் பக்கம் திரும்பாமல் வீட்டுக்கு வருவார்.

இப்படிச் சில வருஷம் இழுத்தோம். பிறகு மழை பொய்த்தது. உழாமல் போட்டோம். மறு வருஷமும் பொய்த்தது. பருத்திக்குக் கிடைக்காத ஈரம் அந்த முள்ளுக்கு எங்கிருந்துதான் கிடைத்ததோ, ஆள் உயரத்துக்கு நின்றது.

எண்பதுகளின் நடுவில் கரி மூட்டம் போடுகிறவர் ஒருவர் வீடு தேடி வந்தார். ஊரில் பாதி நிலத்தில் அப்போது அவருடைய மூட்டம்தான் புகைந்துகொண்டிருந்தது. மரத்தை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே தீ வைத்துப் புகையவிட்டு, கரியாக்கி லாரியில் ஏற்றுவார். வெட்டும்போது யாரும் தூரை, வேர் பிடித்த அடிக்கட்டையை, தொடுவதில்லை. தூர் இருந்தால்தான் தழைத்து மறுபடி கரிக்கு ஆகும். என் வீட்டுக்காரர் மட்டும் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: தூரோடு பறிக்க வேண்டும், அந்த நிலத்தில் தான் திரும்பவும் விதைக்க வேண்டும் என்று. கரிக்காரர் தலையாட்டினார்.

வெட்டுகிற அன்று நானும் போனேன். ஆட்கள் முதல் மரத்தைச் சுற்றித் தோண்டினார்கள். மத்தியானம்வரை தோண்டினார்கள். வேர் கீழே போய்க்கொண்டே இருந்தது. கரிக்காரர் இவர் முகத்தைப் பார்த்தார். இவர் என் முகத்தைப் பார்த்தார். மகன் அப்போது பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தான். என் காதில் கம்மல் இல்லை. தோண்டச் சொல்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு அசதியாக இருந்தது.

"தோண்டினது போதும்லே," என்றார் என் வீட்டுக்காரர், கடப்பாரை பிடித்திருந்தவனிடம். "ஒரு சாண் விட்டு வெட்டு. அடுத்த தடவைக்குத் தழையட்டும்."

வீட்டுக்கு நடந்து வந்தோம். எனக்கு மனசு விட்டுப்போயிருந்தது, அவருக்கும்தான்.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். சாகிறவரை அந்த நிலத்தில் அவர் கையால் ஒரு சொட்டு மருந்து விழவில்லை. முள்ளுக்கு மருந்து தேவைப்படவில்லை.