பத்தே காலுக்கு அடித்த மணி

காலை பத்தே காலுக்கு என் மகள் பள்ளி மணியை அடித்தாள். அதிலிருந்துதான் எல்லாம் கெட்டது.

எண்பதுகளின் தொடக்கம். சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அவள் தற்காலிக ஆசிரியை. நானும் ஆசிரியைதான், ஈப்போ நகரத்தில். வார விடுமுறைக்கு அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பாடம் நடத்தும் வழிகளைச் சொல்லி அனுப்புவேன். இலைகளைப் பற்றிய பாடமா, பிள்ளைகளை வெளியே அனுப்பு. இரண்டிரண்டு பேராக அனுப்பு, சின்னதோடு பெரியதைச் சேர்த்துவிடு. திரும்பக் கூப்பிட மணியை விடாமல் அடி. மணி நிற்பதற்குள் வந்து சேரும் ஜோடிக்குக் கைதட்டல். என் வகுப்பில் அந்த விளையாட்டுக்காகவே பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

அவளும் அப்படியே செய்தாள். ஆனால் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பவில்லை. கையிலிருந்த இலைகளைப் போட்டுவிட்டு தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீடுகளை நோக்கி ஓடினார்கள். ரப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். வேலை நேரத்தில் மணி விடாமல் அடித்தால் லயத்தில் தீ என்று அந்தத் தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். ஈப்போவில் வளர்ந்த என் மகளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

தீ எங்கும் இல்லை. ஓடி வந்தவர்களில் ஒரு பெண் கால்வாயில் விழுந்து, கத்தி பிடிக்கும் கையின் மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அவள் மகள் என் மகளின் வகுப்பில்தான் படித்தாள்.

இன்று இளம் ஆசிரியர்கள் யோசனை கேட்டு வந்தால், பாடத்துக்கு முன்பு அந்த இடத்தைப் படியுங்கள், எந்தச் சத்தத்துக்கு யார் ஓடி வருவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். அன்று அதை எனக்குச் சொல்ல ஆளில்லை.

மணி அடித்த அடுத்த வாரம் நான் தோட்டத்துக்குப் போனபோது, பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே கடைக்காரர் கேட்டார்: "என்னாக்கா, பொம்பா டீச்சரோட அம்மாவா?" தீயணைப்புப் படையை இங்கே பொம்பா என்போம். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் மழையில் குடையை விரித்துக்கொண்டு நடந்தேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க அவளுக்குத் தலைமையாசிரியரின் ஆதரவுக் கடிதம் வேண்டும். கையொடிந்த பெண் தனக்கு மனக்குறை இல்லை என்று நேரில் வந்து சொன்னால்தான் எழுதுவேன் என்றார் அவர். அவளை அழைத்துவர ஆள் அனுப்பியிருந்தார். அவருடைய அறை வாசலில் நானும் மகளும் காத்திருந்தோம்.

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன்னு சார்கிட்ட சொல்லட்டா?"

"வேணாம்மா. அடிச்சது நான்லா."

"சரி. கடிதம் கெடைச்சு, பயிற்சி முடிஞ்சதும் டவுன்ல வேல கேட்டு எழுதிப் போடு. எத்தன தடவ சொல்லியிருக்கேன். தோட்டத்துல கெடந்தா இப்படியே கெடக்க வேண்டியதுதான்."

"இங்கதான் திரும்பி வருவேன். மூணாம் வகுப்புல பாதிப் பிள்ளைங்களுக்கு இன்னும் வாசிக்க வரல. அவங்கள விட்டுட்டு ஈப்போவுல வந்து நான் என்ன கிழிக்கப் போறேன்?"

எனக்குக் கோபம் வந்தது. இந்த நேரத்தில் என்ன பிடிவாதம் என்று நினைத்தேன். அந்தப் பிடிவாதம்தான் அவளை நல்ல ஆசிரியை ஆக்கியிருக்கும் என்று நினைக்கத் தோன்றவில்லை.

மழை விட்ட பிறகு அந்தப் பெண் வந்தாள். மாவுக்கட்டுப் போட்ட கையைக் கழுத்திலிருந்து துண்டால் தொங்கவிட்டிருந்தாள். என் மகள் எழுந்து நின்றாள். அவளைப் பார்க்காமல், வாசலில் நின்றபடியே அந்தப் பெண் தலைமையாசிரியரிடம் சொன்னாள்:

"எழுதிக் குடுங்க சார். சின்னப் பொண்ணு, போய்ப் படிக்கட்டும். ஆனா படிச்சு முடிச்சிட்டு இந்தத் தோட்டத்துக்கு மட்டும் வர வேணாம்லா."