கட்டிக் கிடந்த வள்ளம் மேலே ஏறிய கதை

கையடக்க ஜி.பி.எஸ். விற்பது சுலபம்; அது காட்டும் உயரத்துக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. விற்ற சாமானுக்கு விளக்கம் சொல்லியே தொண்டை வறண்டவர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

முங்கிப்போன ஆள்

ராமேஸ்வரத்தில் நான் கடை போட்ட புதிதில் வாங்கியவன் ஆரோக்கியம். அவனும் மச்சான் சேசுவும் அப்போதுதான் மீன்பிடிக்கப் புது வள்ளம் கடலில் இறக்கியிருந்தார்கள். மறுநாளே கருவியோடு திரும்பி வந்தான். கரையில் நிற்கும்போதே உயரம் மைனஸ் தொண்ணூறு மீட்டர் என்றதாம். உலகத்துக்கே பொதுவாகப் போட்ட கணக்கில் நம் பக்கத்துக் கடல் அவ்வளவு பள்ளத்தில் கிடக்கிறது; செட்டிங்கில் மாற்றினால்தான் சரியாகும். நான் மாற்றிக்கொண்டிருக்க, அவன் தன் சட்டையைத் தடவிப் பார்த்தான். "அம்புட்டு ஆழத்துல முங்குனவன் சட்டை எப்படிண்ணே காஞ்சு கெடக்கு?"

வளர்ந்த வரப்பு

சாயல்குடியில் உப்பளம் வைத்திருந்த அண்ணாச்சி பாத்தி மட்டம் பார்க்க ஒன்று வாங்கிப்போனார். காலையில் வரப்பில் வைத்து சைபர் ஆக்கினால், மத்தியானம் அதே வரப்பு இருபது மீட்டர் உயரம். உள்ளே காற்றழுத்தம் பார்க்கிற சாமான் இருக்கிறது, அழுத்தம் குறைந்தால் நாம் மலை ஏறுகிறோம் என்று அது நினைத்துக்கொள்ளும், தினமும் மத்தியானம் கொஞ்சம் குறையத்தான் செய்யும் என்று வெகுநேரம் பேசினேன். பாவம், பொறுமையாகக் கேட்டார். "அப்ப சாயங்காலம் வீட்டுக்கு எறங்கிப் போக ஏணி வேணுமா தம்பி?"

ரிப்பேர்

ஐப்பசியில் ஒரு மத்தியானம் ஆரோக்கியம் கருவியை மேசையில் போட்டான். காலையில்தான் சைபர் ஆக்கினானாம். கட்டிக் கிடக்கிற வள்ளம் அறுபது மீட்டர் ஏறிவிட்டதாம். "வேற ஒண்ணு குடுங்கண்ணே, கடலுக்குப் போகணும், சேசு அங்கன காத்து நிக்கிறான்" என்றான். இன்னொன்றை எடுத்து வைத்தேன். அதுவும் பார்க்கப் பார்க்க ஏறியது. இருபது என்றால் தினப்படி சமாசாரம். அறுபது ஏறும் அளவுக்கு அழுத்தம் இறங்கியிருக்கிறது என்றால் புயலோ என்னவோ வருகிறது. வானமோ பளிச்சென்று இருக்கிறது, ரேடியோவிலும் ஒன்றும் சொல்லவில்லை. "இன்னைக்குப் போகாதய்யா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கெட்டுப்போன மிஷினை விற்றதோடு பிழைப்பையும் கெடுக்கிறேன் என்று வாய்க்கு வந்தபடி திட்டினான். ஆனால் போகவில்லை.

பொழுது சாய்வதற்குள் காற்று பிடித்தது. கரையில் கட்டிக் கிடந்த வள்ளமே பிளந்துபோனது. அவர்கள் அதில் நடுக்கடலில் இருந்திருந்தால் கதி என்ன? மறுநாள் ஆரோக்கியமும் சேசுவும் முழுசாகக் கடைவாசலில் வந்து நின்றபோது, திட்டிக்கொண்டாவது என் பேச்சைக் கேட்டானே என்று கண் கலங்கிவிட்டது. அவன் மேசையில் போட்டுப்போன பழைய கருவியை நீட்டினேன். ஆரோக்கியம் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "இதை மட்டும் ரிப்பேர் பாத்துராதீகண்ணே."

உயரம் சரியாகக் காட்டியதற்காக என்னை இதுவரை ஒருத்தரும் பாராட்டியதில்லை. தப்பாகக் காட்டியதற்காக அந்த இரண்டு வீட்டிலிருந்தும் வருசம் தவறாமல் எனக்குக் கிறிஸ்துமஸ் பிரியாணி வருகிறது.