களைக்கொத்துக்குப் பிடி போட்டவன்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் குத்தகை வயலில் ஆரம்பித்து சொந்தமாக ஆறு மா நிலம் வாங்கினேன். தண்ணீருக்குப் போர் போட்டேன். தஞ்சாவூரில் பஸ் சத்தம் கேட்கிற இடத்தில் மாடி வீடு கட்டினேன். மகளை இன்ஜினியர் ஆக்கினேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எவனும் எங்கள் ஊரில் இவ்வளவு செய்ததில்லை, விசாரித்துப் பாருங்கள். அப்படிப்பட்டவனை ஒரு களைக்கொத்துப் பிடி திணறடித்துவிட்டது.

போன மழைக்காலத்தில் என் மனைவி வாசற்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. சோறு பிசையவே சிரமப்பட்டாள்.

"கையைச் சும்மா வைக்காதீங்கம்மா. எதையாவது பிடிச்சு வேலை செய்யுங்க. இல்லன்னா இப்படியே நின்னுடும்" என்றார் டாக்டர்.

கொல்லையில் கத்தரி வைக்கிறேன் என்றாள். சாமான் வாங்குவது என் பொறுப்பு.

நெல்லுக்காரன் புத்தி எங்கே போகும்? வரப்பின் ஓரத்தைச் செதுக்கி அண்டை வெட்டுகிற அகல மண்வெட்டியும் ஒரு கடப்பாரையும் வாங்கி வந்து இறக்கினேன்.

"ஏங்க, கத்தரி வைக்கப் போறோமா, வாய்க்கா வெட்டப் போறோமா?"

"நல்ல இரும்பு புள்ள. பேரன் காலம் வரைக்கும் நிக்கும்."

"நிக்கட்டும். தூக்குறது யாரு, பேரனா?"

தூக்கிப் பார்த்தாள். முழங்கால் உயரம்கூட வரவில்லை, நழுவி விழுந்தது. அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பகலெல்லாம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டுவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் எங்கள் குத்தகை வயலிலும் நட்ட கை அது. என் முதல் மா நிலம் அந்தக் கையில்தான் விளைந்தது.

விஷயம் கேட்டு மகள் ஆன்லைனில் தோட்டச் சாமான் செட் ஒன்று அனுப்பினாள். பார்க்க அழகு. நம் களிமண் காய்ந்தால் கல்லாயிற்றே, கைக்கரண்டி இரண்டாம் குத்திலேயே வளைந்துவிட்டது. அதில் சின்னப் பூவாளி மட்டும் தேறியது; நிறையத் தண்ணீர் பிடித்தாலும் கனக்கவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து அவள் கையை என் மடியில் வைத்துப் பார்த்தேன். எந்த விரல் எதுவரை மடங்குகிறது என்று ஒவ்வொன்றாக மடக்கினேன். ஒல்லிப் பிடி நழுவியது, பருத்த பிடி நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கையை நான் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.

கனமில்லாத களைக்கொத்து ஒன்று வாங்கினேன். பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து, அவள் விரல்களுக்கு அடங்கும் பருமன் வரும்வரை பிடியில் இறுக்கிச் சுற்றினேன். காய் அறுக்கிற சின்ன அரிவாளுக்கும் அப்படியே. களைக்கொத்து, அரிவாள், பூவாளி. வீட்டுத் தோட்டத்துக்கு அவளுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. பாத்தி வெட்டியது நான், என் அகல மண்வெட்டியால்.

பங்குனியில் கத்தரி காய்த்தது. அதற்குள் அவள் விரல்கள் உள்ளங்கையைத் தொட்டுவிட்டன. முதல் காயைக் குழம்பு வைத்து, சோற்றைத் தானே பிசைந்து உருட்டி, முதல் உருண்டையை என் கையில் வைத்தாள். மாடி வீட்டுக்குக் குடிபோன அன்றுகூட என் மனசு அப்படிக் குளிர்ந்ததில்லை. கடவுளுக்கும், அந்த டாக்டருக்கும், அவள் பிடிவாதத்துக்கும் என் நன்றி.

ஆனால் ஒன்று. காய் வாங்க வரும் பக்கத்து வீட்டுப் பெண் தினமும், "அத்தை கைராசியே கைராசி!" என்கிறாள்.

"அந்தக் கையில இருக்கிற கொத்துக்குப் பிடி போட்டது யாரும்மா?" என்று கேட்டேன்.

"இவருதான் என் பெரிய டாக்டர்" என்றாள் மனைவி, களையிலிருந்து நிமிராமலே.

கேலி இருக்கட்டும். இனி எங்கள் கொல்லையில் காய் பறிப்பவர்கள் அவளை எவ்வளவு வேண்டுமானாலும் புகழட்டும். அது அவளுக்கு உரியது. போகும்போது, பிடி போட்டவர் இவர் என்று என் பெயரையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும்.