ஆடலினின் கயிறு நின்ற நாள்

சமவெளியில் மேடு என்று சொல்லிக்கொள்ள அங்கே இருந்தது ஆற்றுப் பள்ளத்தின் சரிவு ஒன்றுதான். ஊரார் சேர்ந்து அதில் மோட்டார் வைத்து ஒரு கயிற்றை ஓடவிட்டு, பனிச்சறுக்கு மேடு என்று பெயரும் வைத்துவிட்டார்கள். கயிற்றைப் பிடித்தால் உச்சிவரை இழுத்துப் போகும். சறுக்கி இறங்குவது அவரவர் பாடு.

அந்தக் கயிற்றுக்கு எஜமானி ஆடலின் கோவல்சுக். கோடையில் கோதுமை, குளிரில் கயிறு, இதுதான் அவள் பிழைப்பு. கயிற்று வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஊரைத் திட்டும் உரிமைதான் சம்பளம் என்று சிரிப்பார்கள். மோட்டார் அறையில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் வெளுத்து வாங்குவாள்.

“ஏய் சிவப்புத் தொப்பி! கயித்தப் பிடிக்கிறியா, தடவிக் குடுக்கிறியா? ஜனெல், அரட்டை போதும், உன் பொண்ணு விழுந்து கிடக்கா பாரு!”

பிள்ளையைக் கவனிக்காத பெற்றோரைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது.

அந்தச் சனிக்கிழமை எச்சில் துப்பினால் கீழே விழுமுன் உறையும் குளிர். அப்படிப்பட்ட நாளில் யாரும் வண்டியை அணைக்க மாட்டார்கள். அணைத்தால் மறுபடி கிளம்பாது. சாவியோடு, உறுமிக்கொண்டு, பூட்டாமல் வரிசையாக நிற்கும். திருட யார் இருக்கிறார்கள்?

மதியம் சிற்றுண்டிக் கடையில் பிரோகிக் கொழுக்கட்டைக்கு வெங்காயம் தீர்ந்துவிட்டது. கயிற்றுக்கு ஓர் ஆளை வைத்துவிட்டு, வீட்டில் கிடந்த மூட்டையை எடுத்துவர ஆடலின் ஓடினாள். மூக்குக் கண்ணாடியில் பனி. வெள்ளை டிரக்கில் ஏறினாள், கிளம்பினாள்.

பாதி வழியில் பின்னாலிருந்து ஓர் இருமல்.

ஆடலின் பிரேக்கை மிதித்தாள். வண்டியை ஓரங்கட்டித் திரும்பினால், இருக்கையில் வார் போட்டபடி நான்கு வயது எமெட், ஜனெலின் மகன், கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

“நீங்க எங்க அப்பா இல்ல,” என்றான் அவன்.

“இல்லடா கண்ணு. இல்ல.” அப்போதுதான் தெரிந்தது, ஸ்டியரிங் உறை கூடத் தன்னுடையது இல்லை. கைப்பேசி தன் டிரக்கில் கிடந்தது. வந்த வழியே வண்டியைத் திருப்பினாள்.

மேடு கண்ணில் பட்டது. கயிறு ஓடவில்லை. புயலடித்தாலும் அவள் நிறுத்தவிடாத கயிறு. அத்தனை பேரும் கைகோத்து ஒரே வரிசையாக, உறைந்த ஆற்றை நோக்கிப் பனியைக் காலால் துழாவிக்கொண்டு போனார்கள். “எமெட்! எமெட்!”

ஆடலின் ஹாரனில் கையை வைத்தவள் எடுக்கவே இல்லை.

ஜனெல் கனத்த சறுக்குக் காலணியோடு ஓடிவந்தாள், விழுந்தாள், எழுந்தாள். பிள்ளையை வாரி எடுத்தவள் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் கணவன் டிரென்ட் பின்னாலேயே ஓடிவந்தான்.

“அசந்து தூங்கினான். வெளிய குளிர்னு வண்டியிலயே விட்டேன். கயித்துக்கிட்ட பெரியவளப் பிடிச்சுக்கிட்டே திரும்பித் திரும்பிப் பார்த்தேன் ஆடலின், வெள்ளை டிரக் நின்னுச்சு. கதவத் திறந்தா ஆளில்ல. அது உங்களுதுன்னு பதட்டத்துல தோணல. இறங்கி நடந்துட்டான்னு நினைச்சோம்.”

“நான்தான் பார்க்காம ஏறிட்டேன்.”

“மன்னிச்சிருங்க, தப்பு எங்களுது.”

“உங்களுதா?” ஆடலின் கத்தினாள். “நான் உம் பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருக்கேன்டா! திட்டு என்னை! ஜனெல், நீயாவது திட்டு!”

ஜனெல் தலையை ஆட்டினாள். “உங்க கையில இருந்தானே. அது போதும்.”

யாரும் அவளைத் திட்டவில்லை. யாரோ காப்பியை நீட்டினார்கள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. மோட்டார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கயிறு ஓடுமென்று கீழே எல்லோரும் காத்திருந்தார்கள். ஒலிபெருக்கி கரகரத்தது. வழக்கமான அதட்டல் வரவில்லை. மேடு முழுக்க ஆடலின் கிழவியின் விசும்பல் கேட்டது. பிறகு குரல் வந்தது.

“கயிறு ஓடப்போகுது. கயித்த அப்புறம் பிடிக்கலாம். முதல்ல அவங்கவங்க பிள்ளையப் பிடிச்சுக்கோங்க.”