அன்றன்றைக்கு எழுதிய செங்கோடன்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சூரமங்கலத்தில் என் வீட்டு வாசலில் செங்கோடனின் மருமகன் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றேன், வேண்டாமென்று தலையை ஆட்டினார். "மாமா நேத்துப் பொழுது சாயற நேரத்துல போயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாரு, அவ்வளவுதானுங்க" என்றார். மத்தியானத்துக்கு மேல் எடுப்பதாகவும், திருச்செங்கோட்டுப் பஸ் எத்தனை மணிக்கு என்றும் சொன்னார். பிறகு, போய்வருகிறேன் என்று சொல்லாமலே திரும்பி நடந்தார்.

சட்டையை மாட்டுவதற்கு முன் நான் ஒரு காரியம் செய்தேன். என் நோட்டை எடுத்து முந்தின நாள் ராத்திரி எழுதியதைப் பார்த்தேன். "விசேஷம் இல்லை. வெயில் ஜாஸ்தி. எல்லாரும் சுகம்" என்று இருந்தது. அதை எழுதியபோது அவர் உயிர் பிரிந்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். எனக்குத் தெரியாது, தெரிந்து எழுதவில்லை. ஆனாலும் அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். சுகம் என்று நான் எழுதிய நாளில் ஓர் உயிர் போயிருப்பது இது இரண்டாம் தடவை. முதல் தடவையைச் சொல்லாமல் செங்கோடனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

என் கதைகளைப் படிப்பவர்கள் சிலர், "நீங்கள் தினமும் எழுதுகிறவராமே, அந்தப் பழக்கத்தை எப்படி உண்டாக்கிக்கொண்டீர்கள்?" என்று கேட்கிறார்கள். விடியற்காலம், ஸ்நானம், சுத்தமான மேஜை என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். காகிதத்துக்கு அலையும் இந்த யுத்த காலத்திலும் எழுதுகிறாரே என்று ஒருவர் மெச்சிக்கொண்டார். ஒழுக்கமாவது, மண்ணாங்கட்டியாவது! பயம் ஐயா, பயம். ஒரு நாள் எழுதாமல் விட்டால் என்ன நடக்கும் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டேன்.

இருபது வருஷத்துக்கு முன் நானும் செங்கோடனும் ராசிபுரத்தில் ஒரே அறையில் குடியிருந்தோம். பிளேக் காலம். ஊர் ஊராகப் போய், வீடுகளில் எலி செத்து விழுகிறதா, யாருக்காவது காய்ச்சலா, கட்டியா என்று விசாரித்து டைரியில் எழுத வேண்டியது எங்கள் உத்தியோகம். வியாழக்கிழமைதோறும் அந்த டைரியை ஆபீசில் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஊசி போடுகிறவர்களை எந்த ஊருக்கு அனுப்புவது, எந்த ஊர் ஜனங்களை வீட்டைக் காலி பண்ணிக் காட்டில் குடிசை போடச் சொல்வது என்று மேலே தீர்மானிப்பார்கள். சுகம் என்று எழுதிய ஊரை ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

செங்கோடனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை. அவருடன் வேலை பார்த்தவர்கள் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவரே சொல்லிக்கொள்வதுதான். எங்கள் அறைக் கூரையில் ஓர் ஓணான் ஓடிய சத்தத்துக்கு, எலி என்று நினைத்து, சோற்றுத் தட்டோடு தெருவுக்கு ஓடி அங்கே நின்றே சாப்பிட்டு முடித்தவர் அவர். "சிரிங்க சாமி, நல்லாச் சிரிங்க. எனக்கு உசுரு மேல ஆசைங்க" என்பார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. இருந்தாலும் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்; நாயைக்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அந்தப் பயந்தாங்கொள்ளி ஒரு ஊரைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, ஊர்க் கோடியில் ஏதாவது ஒரு கல்லில் உட்கார்ந்து, அந்த ஊரைப் பற்றி எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். மழை வந்தால் குடைக்குள் எழுதுவார். கோழி கிறுக்கியதுபோல எழுத்து. மூன்று வரிக்கு மேல் இருக்காது. அறைக்குப் போய் நிதானமாக எழுதக்கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். "எல்லை தாண்டிப்போட்டா நான் பாத்தது பாதி, நெனைச்சது பாதின்னு ஆயிருமுங்க. எனக்கு என்னையே நம்பிக்கை இல்லீங்க" என்றார். அட, இதென்ன பெரிய வேதாந்தமா என்று நான் கேலி பண்ணினேன்.

என் வழி வேறு. புதன்கிழமை மாலையில் உட்கார்ந்து ஏழு நாளையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவேன். ஒரே நாளில் எழுதியது என்று தெரியக்கூடாதே, அதற்காக நடுவில் பேனா முள்ளை மாற்றுவேன், மையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவேன். பாஷை பிரமாதமாக இருக்கும். "தங்கள் டைரி படிக்க நன்றாக இருக்கிறது" என்று மேலதிகாரி ஒரு தடவை ஓரத்தில் எழுதி அனுப்பினார். அதைச் செங்கோடனிடம் காட்டி ஒரு வாரம் அவரைப் பாடாய்ப் படுத்தினேன்.

நடந்து முடிந்த நாளை உட்கார்ந்த இடத்தில் எழுதிப் பழகியவனுக்கு, நடக்காத நாளை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? என் பெண்ணுக்குச் சூரமங்கலத்தில் காது குத்து வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை முகூர்த்தம். வெள்ளிக்கிழமை மாலையே அடுத்த புதன் வரைக்கும் டைரியை எழுதி மூடினேன். ராசிபுரத்துக்குக் கிழக்கே ஒரு ஊர், பெயர் வேண்டாம், ஞாயிறும் புதனும் நான் போக வேண்டிய ஊர். இரண்டு நாளுக்கும் "எலி விழவில்லை. ஊர் சுகம்" என்று எழுதினேன். டைரியைச் செங்கோடனிடம் கொடுத்து, "வியாழக்கிழமை உம்முடையதோடு சேர்த்துக் கொடுத்துவிடும். உள்ளே பார்க்க வேண்டாம்" என்றேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ஏனுங்க சாமி, அந்த ஊருக்கு நான் வேணா ஒரு நடை போய்ப் பாத்துட்டு வரட்டுங்களா?" என்றார். உம் ஊர்களைப் பாரும் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

காது குத்து நன்றாக நடந்தது. வியாழக்கிழமை காலைப் பஸ்ஸில் திரும்பும்போது, எனக்கு முன் பலகையில் ராசிபுரத்துப் பட்டு நெசவுக்காரர் ஒருவர் பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டு வந்தார். "அந்தப் பக்கம் போயிராதீங்க. எலி செத்துச் செத்து உழுகுதாம். நேத்து ஒரு பொம்பளை போயிட்டாளாம்." எந்த ஊர் என்று கேட்டேன். நான் சுகம் என்று எழுதி வைத்த அதே ஊரைச் சொன்னார். வேலை போய்விடுமே என்றுதான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் பயந்தேன். ராசிபுரம் வருவதற்குள் அந்தப் பயம் சின்னதாகிவிட்டது. டைரி ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், ஆபீஸ் கணக்கில் அந்த ஊர் சுகம். ஊசி வராது. ஜனங்கள் அந்த வீடுகளிலேயே படுத்துக் கிடப்பார்கள். இன்னும் எத்தனை பேர்?

பஸ்ஸிலிருந்து இறங்கி ஆபீசுக்கு ஓடினேன். "செங்கோடன் வரலீங்களே. அவர் டைரியும் வரல, உங்க டைரியும் வரல" என்றார் பியூன். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நிமிஷம், அவர் எங்கே போயிருப்பார் என்பது புரிந்தது. ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு கிழக்கே மிதித்தேன்.

நான் போனபோது உச்சி வெயில். ஊருக்கு வெளியே சோளக்காட்டில் பாதி ஜனம் பாயும் சட்டியுமாக உட்கார்ந்திருந்தது. பனை ஓலை வெட்டிக் குடிசை போட்டுக்கொண்டிருந்தார்கள். செங்கோடன் வரப்புக் கல்லில் உட்கார்ந்து ஏதோ எழுதி முடித்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்து, உதடு காய்ந்துபோயிருந்தது. விடிந்ததிலிருந்து வீடு வீடாகப் போய், கெஞ்சிக் கூத்தாடி ஜனங்களை வெளியே கொண்டுவந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, தான்தான் குற்றவாளி போலப் பேசினார். "படிக்க வேண்டாம்னீங்க. நேத்து ராத்திரி படிச்சுப்போட்டேனுங்க. ஆபீசுல கொண்டுபோய்க் கொடுக்கப் பயமா இருந்துச்சு. அதான் இங்க வந்துபோட்டேன்." என் டைரியை என்னிடம் நீட்டினார். "உங்க கையி எழுதுனது, சாமி. நீங்கதான் அடிச்சுத் திருத்தோணும்."

டைரியைப் பிரித்தேன். அப்போது ஒரு ஆள் வந்து என் எதிரில் குந்தினான். மாரியப்பன் என்று பெயர். முந்தின நாள் செத்துப்போன பாவாயியின் புருஷன். அவளை எனக்குத் தெரியும். போன முறை போனபோது மோர் கொடுத்தாள், உப்புப் போதுமா என்று கேட்டாள். மாரியப்பன் நோட்டையே பார்த்தான். "ஊருல நடக்கறதைத் தெனமும் எழுதி மேல அனுப்பறாங்கன்னு இந்த அண்ணன் சொன்னாருங்க. எம் பொண்டாட்டி செத்தது அதுல இருக்குதுங்களா, சாமி? என்னன்னு எழுதியிருக்குதுங்க?"

அவனுக்கு எழுத்து வாசனை இல்லை. நான் எதைச் சொன்னாலும் நம்புவான். என்ன சொல்லலாம் என்று என் புத்தி அதற்குள் நாலு வாக்கியம் தயார் பண்ணிவிட்டது, அவ்வளவு பழக்கம்! செங்கோடன் என்னைப் பார்க்கவில்லை. ஓலை வெட்டுகிறவர்கள் பக்கம் திரும்பி நின்றார். அவர் என்னைப் பார்த்திருந்தால் ஒருவேளை பொய் சொல்லியிருப்பேன். இருந்ததை இருந்தபடி படித்தேன். "ஞாயிறு. எலி விழவில்லை. ஊர் சுகம். புதன். எலி விழவில்லை. ஊர் சுகம்."

மாரியப்பனுக்குக் கோபம் வரவில்லை. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் குழம்பிப்போய்க் கேட்டான்: "நீங்க வரவே இல்லீங்களே, சாமி? சனிக்கிழமை எங்கூட்டுக் கூரை மோட்டுல இருந்து ரெண்டு எலி உழுந்துச்சு. ஞாயித்துக்கிழமை நீங்க வார நாளு, காட்டிச் சொல்லலாம்னு அவ கூடையைக் கவுத்து மூடி வெச்சா. நாள் முழுக்கக் காட்டு வேலைக்குப் போகாம, நீங்க வருவீங்கன்னு பக்கத்துலயே உக்காந்திருந்தா."

அதற்குமேல் அன்று பேசியது எனக்கு அதிகம் நினைவில்லை. எழுதியதுதான் நினைவிருக்கிறது. செங்கோடன் காதிலிருந்த பென்சிலைக் கொடுத்தார். இரண்டு வரியையும், கீழே இருப்பது தெரியும்படி ஒரே கோடாக அடித்தேன். "நான் இந்த ஊருக்கு வரவில்லை. எலி விழுந்தது. பாவாயி என்பவள் இறந்தாள்" என்று எழுதினேன். பெயர் எழுதும் வழக்கம் எங்கள் டைரியில் கிடையாது. மாரியப்பன் எழுதச் சொன்னான். அன்று மாலையே அது ஆபீசுக்குப் போயிற்று. மறுநாள் ஊசிக்காரர்கள் வந்தார்கள். அதற்கப்புறம் அந்த ஊரில் வேறு யாரும் சாகவில்லை. எனக்கு வேலை போயிற்று. சூரமங்கலத்தில் ரயில்வே குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து ஒரு நாள்கூட எழுதாமல் விட்டதில்லை. எழுதுவதற்கு ஒன்றும் இல்லாத நாளில்தான் அதிகமாகப் பயப்படுகிறேன்.

செங்கோடன் பென்ஷன் வாங்கும்வரை அதே உத்தியோகத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு முறையாவது என்னைப் பார்க்க வருவார். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் பேச்செடுத்தாலும், "அதையெல்லாம் உடுங்க சாமி. பாப்பா நல்லாயிருக்குதுங்களா?" என்று என் பெண்ணை விசாரிப்பார்.

கருமாதிக்குப் போயிருந்தபோது அவர் மனைவி ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். சர்க்காருக்குக் கொடுத்தது போகத் தமக்கென்று தனியாகவும் நோட்டுப் போட்டு எழுதியிருக்கிறார் மனிதர், எனக்கே தெரியாது. "உங்களுக்கு எது வேணுமோ எடுத்துக்கோங்க" என்றார் அந்த அம்மாள். நான் அந்த வியாழக்கிழமையைத் தேடினேன். அவர் வரப்பில் உட்கார்ந்து, நான் சைக்கிளில் போய்ச் சேருவதற்குள் எழுதி முடித்த பக்கம் அது. கோழிக் கிறுக்கலில் இப்படி இருந்தது: "ஊருக்குள் எல்லா வீட்டுக்கும் போனேன். எலி கிடந்தது. நான் ஊசி போட்டுக்கொள்ளவில்லை, ஆபீசில் போட்டபோது பயந்து ஒளிந்துகொண்டேன், யாருக்கும் தெரியாது. இன்றைக்கு ரொம்பப் பயம்." அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி. "சாமி வருவார். வந்து அவர் கையாலேயே அடித்து எழுதுவார்."

ஊசி போடாமல், எலிச் சத்தத்துக்குத் தட்டோடு ஓடிய மனிதர் அந்த வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசி வரிதான் என்னை அதிகமாகப் பயமுறுத்துகிறது. இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போங்களேன் என்று அந்த வியாழக்கிழமை காலை சூரமங்கலத்தில் வீட்டில் சொன்னார்கள். நானும் இருந்துவிடலாம் என்று பாதி மனதோடுதான் பஸ் ஏறினேன். கண்ணால் பார்க்காததை ஒருநாளும் எழுதாத செங்கோடன், நடப்பதற்கு முன்னால் எழுதிய வரி, நான் தேடிய மட்டில், அந்த நோட்டுகளில் அது ஒன்றுதான். அந்த நோட்டை மட்டும் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன்.